தனியாள் என்று எழுதியது நான்

விழாக் குழுவின் செயலாளர் சந்திரன் எனக்கு ஒரு தடித்த உறை அனுப்பியிருந்தார். சந்திரன் என்னிடம் சின்னக் கிராணியாக, அதாவது தோட்ட ஆபீஸ் எழுத்தராக, வேலை பழகியவர். இப்போது அவரும் ஓய்வு பெற்றுச் சிரம்பானில் இருக்கிறார். எங்கள் பழைய ரப்பர் தோட்டம் துண்டு போடப்பட்டு, செண்டாயான் பக்கம் வீடுகளும் தொழிற்சாலைகளுமாக ஆகிவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஒன்றுகூடி ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம்.

உறை வந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், பெரிய கிராணியாரப் பத்தி ரெண்டு பக்கம் போதும் சார். முதல் பக்கத்துல அவரு படம் வருது. ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்த எப்படிக் கட்டுக்கோப்பா வச்சிருந்தாருன்னு இப்பவும் பேசுறாங்க லா. அவருகிட்ட வேலை பார்த்த ஆளு இன்னைக்கு உயிரோட நீங்க ஒருத்தர்தான்.”

“இன்னொரு தாளும் இருக்கே, அது என்ன?”

“அது சண்டைக் காலத்துல சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவங்க பேரு சார். பழைய ஆபீஸ் பெட்டியில கிடந்துச்சு. அப்படியே அச்சடிக்கப் போறோம். எழுத்து சரியா இருக்கான்னு மட்டும் ஒரு பார்வை பாத்துடுங்க.”

எழுத்து சரியாக இருந்தது. அது என் கையெழுத்து. இருபது பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே குடும்பக் கட்டத்தில் ஒரு சொல். இருபதாவது வரியில் “அங்கமுத்து – தனியாள்” என்றிருந்தது. அந்தத் தாள் மழையிலோ கரையானிலோ போயிருக்கும் என்று ஒரு வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பக்கத்தில் முடியாது. சந்திரன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிரம்பானில் பள்ளிப் படிப்பை முடித்து, ஜப்பான்காரன் சண்டை மலாயாவுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் தோட்ட ஆபீசில் சேர்ந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. வேலை பழகிய கதையை நீட்ட ஒன்றுமில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிடுவது, வந்தவர்களுக்குக் கோடு போடுவது, தோட்டத்தின் பிறப்பு இறப்புப் புத்தகத்தை எழுதுவது, மை காயும் முன் புத்தகத்தை மூடாமலிருப்பது. ஆறு மாதத்தில் எல்லாம் கைக்கு வந்துவிட்டது.

பெரிய கிராணியார் ராஜகோபால் அப்போது நல்ல மேலதிகாரி என்றே சொல்வேன். ஒன்றையும் ஏழையும் குழப்பி எழுதினால் திட்டமாட்டார். பென்சில் முனையால் அந்த இடத்தை இரண்டு முறை தட்டிவிட்டுப் போவார். யார் மீதும் கை வைத்ததில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துரை அவரை ஆங்கிலத்தில் திட்டும்போது தலைகுனிந்து நிற்பார். துரையின் கார் போன பிறகு, அதே சொற்களை அதே வரிசையில் தமிழாக்கிக் கங்காணியிடம் சொல்வார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

துரை ஒரு சாயங்காலம் இரண்டு பெட்டிகளோடு காரில் ஏறிப் போய்விட்டார். ஜப்பான்காரன் வந்தான். ரப்பர் வாங்க ஆளில்லாததால் பால் வெட்டு நின்றது. மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். துரை பார்த்த வேலையும் பெரிய கிராணியார் தலையில் விழுந்தது. வாரம் ஒரு முறை சிரம்பானிலிருந்து லாரியில் ஓர் அதிகாரி வருவான், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளன்.

அந்த அதிகாரி முதல் முறை பெரட்டுக்கு வந்த காலையில் எல்லாம் தொடங்கியது. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டான். பெரிய கிராணியார் சொன்ன எண்ணுக்கும் அவன் எண்ணியதற்கும் மூன்று பேர் வித்தியாசம். மூன்று பெண்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி பெரிய கிராணியாரின் கன்னத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி தெறித்துப் புல்லில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரை நிமிரச் சொல்லி மறு கன்னத்திலும் அறைந்தான். தோட்டமே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அவர்மேல் இரக்கம்தான்.

அந்த இரக்கத்தை அவர் மன்னிக்கவில்லை. மறுநாள் பெரட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. பெரிய கிராணியார் களத்துக்குள் வந்ததும் எல்லோரும் தரையைப் பார்க்க வேண்டும். அவர் போகும்வரை நிமிரக் கூடாது. நிமிர்ந்தவனுக்கு அறை.

பிறகு ஜோடி அறை வந்தது. அதுவும் ஜப்பான்காரனிடம் பார்த்துக் கற்றதுதான். பிந்தி வந்த இருவரை எதிரெதிரே நிறுத்தி, ஒருவரை ஒருவர் அறையச் சொல்வார். மெதுவாக அடித்தால் இருவருக்கும் அவர் கையால் விழும். அண்ணனும் தம்பியும் அறைந்துகொண்டதைப் பார்த்தேன். மாமனாரும் மருமகனும் அறைந்துகொண்டதைப் பார்த்தேன். அந்த மருமகன் அதன் பிறகு மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இதைத்தான் கட்டுக்கோப்பு என்கிறார்கள். அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கங்காணிகள் பிரம்பு எடுத்தார்கள். அடிவாங்கிய ஆண்கள் லயத்து வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை அடித்தார்கள். லயத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று பெரட்டு விளையாடினார்கள். கிராணியாக நிற்கும் பிள்ளை மற்றவர்களை அறைவான். காய்ச்சல்காரன் காய்ச்சல் என்று சொல்லமாட்டான். மண்வெட்டிக் காம்பு உடைந்தால் புதரில் ஒளித்துவிட்டுக் கையால் மண்ணைப் பறிப்பான். ஆற்றங்கரைப் பக்கம் வேலி சாய்ந்து காட்டுப்பன்றி மரவள்ளிக்குள் இறங்கியது. அது எல்லோருக்கும் தெரியும், ஆபீசுக்கு மட்டும் தெரியாது. வந்து சொல்பவனுக்குத்தானே முதல் அறை? எட்டு நாளில் ஒரு கொல்லை முழுக்கக் கிழங்கு போயிற்று. அந்தக் கிழங்குதான் எங்கள் எல்லோருக்கும் சோறு. பெரட்டு மட்டும் மிக ஒழுங்காக நடந்தது. ஒருவரும் இருமக்கூட இல்லை.

நானும் அறையத் தொடங்கியிருந்தேன். இதை மறைத்துப் பயனில்லை. மரவள்ளி நட வெட்டிய குழிகளை எண்ணும்போது ஒரு கிழவர் இரண்டு குழியைக் கூட்டிச் சொன்னார். என் தகப்பனார் வயது இருக்கும். அறைந்தேன். அன்று இரவு தூங்க முடியாமல் கிடந்தேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன்.

இனி அங்கமுத்து.

அவன் பால் வெட்டிலிருந்து மண்வெட்டிக்கு வந்தவன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன், நல்ல உயரம். பெண்டாட்டி பெயர் காத்தாயி. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தபோது பிறப்புப் புத்தகத்தில் எழுதியது நான். “என்ன பேரு?” என்று கேட்டேன். “லெட்சுமின்னு போடுங்க கிராணியாரே. வீட்டுல அரிசி இல்ல, பேருலயாவது இருக்கட்டும்” என்று சிரித்தான். தகப்பன் பெயர் அங்கமுத்து, தாய் பெயர் காத்தாயி. மை காயும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து நான் எழுதிக் கொடுத்த கணக்கைவிடக் குழிகள் பத்து குறைந்தன. என் தவறுதான். ஒரு வரிசையை இரண்டு முறை எண்ணியிருந்தேன். காலைப் பெரட்டில், எல்லோரும் தரையைப் பார்த்து நிற்கும்போது, பெரிய கிராணியார் என்னை முன்னால் வரச் சொன்னார்.

“படிச்சவனுக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியல.” வரிசையின் முதல் ஆளைப் பார்த்தார். அங்கமுத்து. “நீ வா. இவன் கன்னத்துல ஒண்ணு போடு.”

தோட்டத்தில் வேலையாள் கிராணியைத் தொட்டுப் பேசக்கூட மாட்டான். நான் நடந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் கட்டளை.

அங்கமுத்து நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்: “வேணாங்கய்யா. இது மண்ணு வெட்டுற கை. படிச்ச புள்ள மூஞ்சி தாங்காதுங்க.”

எங்கோ பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது பரவியது. தலை குனிந்திருந்ததால் யார் முகமும் தெரியவில்லை, தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பெரட்டில் கேட்ட சிரிப்பு அது.

பெரிய கிராணியார் முதலில் அங்கமுத்துவை அறைந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“கூலிக்காரன் உனக்கு இரக்கப்படுறான். கேட்டியா? கூலிக்காரன் இரக்கப்படுற நிலைமைக்கு வந்துட்ட.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அறை. அங்கமுத்து அடித்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். அவன் மறுத்ததால் மூன்று விழுந்தன. களத்தில் நின்றபடி நான் அப்படித்தான் யோசித்தேன். அடித்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்மேல் கோபப்படும் தைரியம் எனக்கு இல்லை. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. எட்டும் தூரத்தில் அங்கமுத்து இருந்தான்.

மத்தியானம் அவன் ஆபீசின் பின் சன்னல் பக்கம் வந்தான். அவன் கன்னமும் வீங்கியிருந்தது. துணியில் முடிந்த தவிட்டை நீட்டினான்.

“சூடு பண்ணி ஒத்தடம் குடுங்க. நாளைக்கு இறங்கிடும். மனசுல வச்சுக்காதீங்க கிராணியாரே, அவரு வாங்கினத எங்கயாச்சும் எறக்கி வைக்கணுமில்ல.”

அந்தத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்ததை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். பள்ளிப் படிப்புப் படித்த எனக்கு அது விளங்கவில்லை. தவிட்டு முடிச்சை வாங்கி, அவன் தலை மறைந்ததும் சாக்கடையில் எறிந்தேன்.

மரவள்ளி ஒரு போகம் எடுத்த பிறகு சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் தோட்டத்துக்கு இருபது பேர். குடும்பம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னான். பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் பாதி வழியில் ஓடிவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

பெரிய கிராணியார் பெயர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தம்மை நிமிர்ந்து பார்த்த இளவட்டங்களையெல்லாம் அவர் ஞாபகம் வைத்திருந்தார். எல்லோரும் உண்மையில் தனியாட்கள்தான். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ‘தனியாள்’ என்று எழுதினேன். லாரி வருவதற்கு முதல் நாள் காலை, அவர்களில் ஒருவன் ரெம்பாவ் பக்கம் கம்பத்துக்குள், மலாய்க்காரர் கிராமத்துக்குள், ஓடிவிட்டான் என்று செய்தி வந்தது.

“ஒண்ணு குறையுது” என்றார் பெரிய கிராணியார். முன்னால் இருந்த வேறு தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீயே யாரையாவது பார்த்துப் போட்டு, புதுசா ஒரு தாள்ல எழுதி வச்சுடு.”

அவர் என்னை மிரட்டவில்லை. “இல்லையென்றால் உன் பெயர்” என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்; ஒட்டவில்லை. கல்யாணமாகாதவர்கள் இன்னும் நான்கைந்து பேர் பேரேட்டில் இருந்தார்கள். அவர்களைப் போட்டிருந்தாலும் அது பாவம்தான். ஆனால் நான் அவர்கள் பெயரைத் தேடவேயில்லை. ‘நீயே போடு’ என்ற சொல் காதில் விழுந்தபோதே பெயர் என் கையில் இருந்தது. அங்கமுத்து என்று எழுதினேன். குடும்பக் கட்டத்தில் தனியாள் என்று எழுதினேன். பிறப்புப் புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மை காயும்வரை காத்திருந்து தாளை மடித்தேன்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு லாரி வந்தது. பெயர் கூப்பிட்டது நான்தான். பத்தொன்பது பேர் ஏறினார்கள். இருபதாவது பெயரைக் கூப்பிட்டதும் வரிசையில் ஒரு முணுமுணுப்பு. அங்கமுத்து தலையைச் சொறிந்தபடி என் பக்கத்தில் வந்தான். அதிகாரிக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினான்.

“கிராணியாரே, பேரு மாறி வந்திருக்கு போல. எனக்குக் குடும்பம் இருக்குல்ல? நீங்கதானே எழுதுனீங்க? கொஞ்சம் பாருங்க.”

நான் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். ஆயாக்கொட்டகை வேலி ஓரத்தில் காத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன நடக்கிறதென்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

“பேரு இருக்கு. ஏறு” என்றேன்.

“தாள்ல வேற என்ன போட்டிருக்கு?”

“தனியாள்.”

அவன் என்னையே பார்த்தான். லாரி வந்த அந்தக் காலையில் என்னை நிமிர்ந்து பார்த்த ஒரே ஆள் அவன். பிறகு காத்தாயியைப் பார்த்து உரக்கச் சொன்னான்: “அவசரத்துல தப்பா எழுதிட்டாங்க, புள்ள. சின்னக் கிராணியாரு சரிபண்ணிடுவாரு. பயப்படாத.”

ஏறிவிட்டான்.

லாரி தூசி அடங்கியபோது பெரிய கிராணியார் என் பக்கத்தில் நின்றார். அங்கமுத்துவுக்குக் குடும்பம் உண்டென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பென்சிலை எடுத்து என் கையிலிருந்த தாளில் இருபதாவது வரியை இரண்டு முறை தட்டினார்.

“வேலை கத்துக்கிட்ட, தம்பி.”

சண்டை வந்த பிறகு அவர் என்னைத் தம்பி என்று அழைத்தது அதுவே முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கட்டுரையில் நான் எழுதக் கூசுகிற வாக்கியம் அதுதான். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த ஒரு சொல் லாரியோடு போய்விடவில்லை. சயாமுக்குப் போனவர்களின் வீட்டாருக்கென்று கொஞ்சம் அரிசி கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. போனவர்கள் எல்லோரும் தனியாட்கள் என்பதால் அவர்களின் வயதான தாய் தகப்பனை மட்டும் பட்டியலில் சேர்க்கலாம். காத்தாயி பாத்திரத்தோடு வந்து நின்றாள். தாளின்படி அங்கமுத்துவுக்கு யாரும் இல்லை. சரிபண்ண வேண்டுமென்றால், நான் பொய்யாக எழுதினேன் என்று அதிகாரி முன் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

“அடுத்த வாரம் பாக்கலாம்” என்றேன்.

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். “அவரு சொல்லிட்டுப் போனாருங்க, நீங்க சரிபண்ணுவீங்கன்னு.” அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு நாள் என் பங்கு அரிசியில் ஒரு பிடி கொடுக்க நினைத்தேன். பெரிய கிராணியார் வாசலில் நின்றார். நினைத்ததோடு சரி.

மழைக் காலத்தில் குழந்தை வயிற்றுப்போக்கில் செத்தது. இறப்புப் புத்தகத்திலும் நானே எழுதினேன். லெட்சுமி, தகப்பன் அங்கமுத்து. ஆக அவனுக்குக் குடும்பம் இருந்ததென்று சொல்லும் இரண்டு பதிவுகளும், இல்லையென்று சொல்லும் ஒரு தாளும் ஒரே அலமாரியில் இருந்தன. மூன்றும் ஒரே கையெழுத்து. ஒருவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்தபின் இருபதில் நான்கு பேர் திரும்பினார்கள். அவர்களில் சுப்பன் என்பவன் காலில் ஆறாத புண்ணோடு ஆபீசுக்கு வந்து சொன்னான்: “அங்கமுத்து வாந்திபேதியில போயிட்டான் கிராணியாரே. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான். அவசரத்துல தப்பா எழுதிட்டாரு, இந்நேரம் ஊட்டுக்கு அரிசி போயிருக்கும்னு.”

காத்தாயி அதற்குள் ரெம்பாவ் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். பெரட்டில் நிற்பதுபோல. நான் ஏதோ சொல்லவந்து, “நல்லா இருக்கியா?” என்று மட்டும் கேட்டேன். “இருக்கேங்க” என்றாள். அவள் நிமிர்வதற்காகச் சிறிது நேரம் நின்றேன். நிமிரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பெரிய கிராணியார் நன்றாக வாழ்ந்தார். திரும்பி வந்த துரை அவருக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தார். கோயில் திருவிழாவில் மாலை போட்டார்கள். அவர் கட்டிலில் படுத்து, மகன்கள் சூழ இறந்தார். அவர் நாற்காலியில் பிறகு நான் உட்கார்ந்தேன். அதில் இருந்த காலத்தில் நான் யாரையும் அறைந்ததில்லை என்பது சந்திரனுக்குத் தெரியும். ஆனால் பென்சிலால் இரண்டு முறை தட்டுவேன். அப்போது சந்திரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தரையை நோக்குவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் தட்டியிருக்கிறேன்.

சந்திரன், அவர் படத்தைப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போட்டால், அதன் கீழே இதைப் போடுங்கள். அவர் அடிபட்டவர், பாவம் என்று யாராவது சொல்வார்கள். அடிபட்டவர்தான். அங்கமுத்துவும் அதே களத்தில் அடிபட்டான், வாங்கிய அடி ஆறும் முன் எனக்குத் தவிடு கொண்டுவந்தான். ஆகவே அந்தச் சமாதானம் அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

பட்டியலை அப்படியே அச்சடிக்காதீர்கள். எழுத்து சரியாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். பத்தொன்பது வரிகள் சரி. இருபதாவது வரி இப்படி வர வேண்டும்:

அங்கமுத்து. மனைவி காத்தாயி. மகள் லெட்சுமி.

அதற்குக் கீழே, முதலில் தவறாக எழுதியவர் என்று என் முழுப் பெயரைப் போடுங்கள். அவசரத்தில் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.